இழுத்துப் பொருத்திய மேடு

கடலடியில் நிற்கும் மேடு நாலைந்து நாளில் நாற்பது மீட்டர் நகராது. அதைச் சொல்ல பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அந்த மேட்டின் மேல் வளரும் குளிர்நீர்ப் பவளம், வருடத்துக்கு ஒரு விரற்கடை நீண்டாலே பெரிய சங்கதி. ஆகவே கப்பல் திங்களன்று ஒலி அனுப்பி அளந்த கடலடிப் பட்டையில் ஓரிடத்திலும், வியாழனன்று அளந்த பட்டையில் வேறிடத்திலும் அதே மேடு தெரிந்தபோது, வரைபடக்காரி தன் தொழிலில் எல்லோரும் செய்வதையே செய்தாள். கப்பலின் கருவிதான் பிசகியிருக்கும் என்று முடிவுகட்டி, இரண்டாவது பட்டையைத் திரையில் இழுத்து முதலாவதோடு பொருத்தினாள். சனிக்கிழமைப் பட்டை இன்னும் தள்ளி நின்றது. அதையும் இழுத்தாள். இழுத்ததில் பக்கத்துப் பாறை ஒன்று மூன்றாகத் தெரிந்தது; இரண்டை எதிரொலிக் குப்பை என்று துடைத்தாள்.

வரைபடத்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரிவுத் தலைவருக்குச் சோறு இறங்காது. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு இஸ்திரி என்று பெயர். அந்த வரைபடத்தைப் பார்த்து இஸ்திரியே சிரித்தார் என்பது மாடி முழுக்கப் பேச்சு. அந்தப் படத்தை நம்பித்தான் இன்று அவளுடைய தம்பி, ஒற்றை ஆள் நீர்மூழ்கியில், பவளத்தில் ஒரு துண்டு உடைத்துவர இறங்கியிருந்தான். தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவளே வீடு வீடாகச் சொன்னதுதான்.

மதியம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏசியின் முனகலும், சூடேறிய அச்சு இயந்திரத்தின் தூசி வாசனையும், கப்பலிலிருந்து ஒலிபெருக்கி வழியே வரும் ஓயாத கரகரப்பும் நிறைந்த அந்த அறையில் உட்கார்ந்து, ஏனோ மனசு கேட்காமல், இழுப்பதற்கு முந்தைய மூன்று பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தாள்.

பாறை மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. கருவி பிசகியிருந்தால் பாறையும் சேர்ந்து விலகியிருக்க வேண்டும். மேடு மட்டும்தான் விலகியிருந்தது. ஒவ்வொரு முறையும், கப்பல் நின்ற பக்கமாக.

இஸ்திரியின் கைப்பேசிக்கு அடித்தாள்.

"சார், தம்பிய மேல வரச் சொல்லுங்க. மேடு நகருது."

"மேடு நகருதா? நீ மொதல்ல சாப்டியாம்மா?"

துண்டித்தாள். ஒலிவாங்கியை அழுத்தினாள். பேச்சு கப்பல் வழியே கீழே போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளை அவள் நகத்தைக் கடித்துக் கழித்தாள்.

"தம்பி, மேல வாடா."

"என்னக்கா, இப்பதான் தரையத் தொட்டேன். அதுக்குள்ள அம்மா மாதிரி ஆரம்பிச்சுட்ட." சிரித்தான். "ஆனா உன் படம் கோளாறு. மேட்டயே காணோம். வெறும் சேறு. பெருசா எதையோ இழுத்துட்டுப் போன மாதிரி ஒரு தடம் இருக்கு."

"தடத்தப் பாக்காத. எடைய அவுத்து விட்டுட்டு மேல வா."

இரும்பு எடையைக் கழற்றிவிட்டால் அந்த வண்டி தக்கை மாதிரி மிதந்து வந்துவிடும். வேறு எதுவும் வேண்டாம்.

கரகரப்பு.

"அவுத்துட்டேன்கா. எழும்ப மாட்டேங்குது."

அவள் எழுந்து நின்றாள்.

"அக்கா, ஜன்னல்ல வெள்ளையா கிளை தெரியுது. பவளம்தான். பூவெல்லாம் விரிஞ்சு... எல்லாம் என்னையே பாத்துட்டு இருக்கு."

"எந்த ஜன்னல்ல?"

நொடிகள்.

"எல்லாத்துலயும்."

கழுவாத கையோடு இஸ்திரி ஓடிவந்து பின்னால் நின்றார். திரையில், அவளுடைய வழவழப்பான வரைபடத்தின் மேல், தம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

"எங்க போறான்? மோட்டார நிறுத்தச் சொல்லு."

சொன்னாள்.

"நிறுத்தி ரொம்ப நேரம் ஆச்சுக்கா."

புள்ளி நிற்கவில்லை. அவசரமும் படவில்லை. அவள் இழுத்துப் பொருத்திய மேட்டைத் தாண்டியது. பாறையைத் தாண்டியது. ஆழக்கணக்கு ஏறிக்கொண்டே போனது. படத்தின் ஓரம். அதற்கப்பால் யாரும் அளந்ததில்லை. வெறும் வெள்ளை.

வெள்ளைக்குள் போயிற்று புள்ளி.

ஒலிபெருக்கியில் தம்பியின் மூச்சு. அதைச் சுற்றி, மேலும் கீழும், கண்ணாடியை மெதுவாக, மிக மெதுவாகத் தடவிப் பார்க்கும் ஆயிரம் விரல்களின் சத்தம்.