பன்னிரண்டாவது பொம்மை

பதினோரு பொம்மைகள்தான் இருக்க வேண்டும். சின்னவள் தன் கையால் செய்து வைத்தது பதினொன்று. பெரியவள் மூன்று தடவை எண்ணிவிட்டாள், மூன்று தடவையும் பன்னிரண்டு வந்தது.

பன்னிரண்டாவது பொம்மை திரையில் மாடிப்படிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிதான். ஆனாலும் மழை இருட்டு, ஜன்னலை யாரோ போர்வை போட்டு மூடின மாதிரி இருந்தது. சூடேறின கம்ப்யூட்டரிலிருந்து கருகின தூசி வாசனை வந்தது, அடுத்த அறையில் சின்னவளின் கட்டில் அவள் புரளும்போதெல்லாம் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது, மின்விசிறி சுற்றுவதும் மழை பெய்வதும் ஒரே சத்தமாகக் கலந்து காதை அடைத்தது.

இந்த கேம் சின்னவள் தனி ஆளாக, வேலை விட்டு வந்த நேரத்தில், இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருப்பது. ஒரு பாழடைந்த மாளிகை, கையில் வாள், எதிரில் வரும் பொம்மைகளை வெட்டி வெட்டி பலம் ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். இன்னும் பாதிகூட முடியவில்லை. பொம்மைகளுக்கு முகம் வரையவில்லை, வண்ணம் பூசவில்லை. எல்லாம் மொழுமொழுவென்று சாம்பல் நிறம். அடிபட்டால் முனகுவதற்கு ஆள் கிடைக்காமல், துணி அலமாரிக்குள் உட்கார்ந்து தானே முனகி போனில் பதிவு செய்து போட்டிருந்தாள். எந்தப் பொம்மையை வெட்டினாலும் சின்னவளின் குரல்தான் கேட்கும்.

பெரியவளுக்கு பிஸ்கட் கம்பெனியில் வேலை. ஓடுகிற பட்டையில் உடைந்ததையும் கருகினதையும் பொறுக்கி எடுப்பது. குறை கண்டுபிடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதனால் தங்கையின் கேமை விளையாடிப் பார்த்து, ஒவ்வொரு சுவராக உரசிக்கொண்டே நடந்து, தப்புகளை நோட்டில் எழுதித் தருவதும் அவள் பொறுப்பாகிவிட்டது.

காலையில் சின்னவள் கண் சிவந்து வந்து நின்றாள்.

"அக்கா, எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? ரெண்டு வருஷ உழைப்பு."

"நான் வைக்காத ஒண்ணு உள்ள நிக்குது. நேத்து ஆஃப் பண்ணிட்டுப் படுத்தேன். ஆஃப் பண்ணினா அது போகலக்கா. இங்க வந்து நிக்குது."

"இங்கன்னா?"

சின்னவள் தன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் தூங்கலன்னா சுவத்துல யானைகூடத் தெரியும். போய்ப் படு. நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள அந்தக் கழுதைய அடிச்சுத் தொரத்திடுறேன். எதையும் அழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"அடிக்காதக்கா. என்னன்னு மட்டும் பாரு."

"வாய மூடிட்டுத் தூங்குடி."

படுத்ததும் தூங்கிப்போனாள். பெரியவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பொம்மைக்குப் பத்து வெட்டு. பத்தாவது வெட்டில் பொம்மை மறைந்துவிடும். பதினொன்றையும் மறைய வைத்தாயிற்று. பன்னிரண்டாவது மட்டும் திரும்பக்கூட இல்லை.

"திமிரு பாரு," என்று முதுகில் ஒரு வெட்டு வெட்டினாள்.

முனகியது. மற்ற பொம்மைகளைவிடக் கொஞ்சம் நீளமாக, தொண்டைக்குள்ளிருந்து வந்த முனகல். பரவாயில்லையே, சின்னவளுக்கு நடிக்கவும் வருகிறதே என்று நினைத்துக்கொண்டாள். நோட்டில்கூட எழுதினாள்: 'குரல் நன்றாக இருக்கிறது.'

இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி முனகல். இவ்வளவு விதமாக எப்போது பதிவு செய்தாள்? ஐந்து. ஆறு. விட்டேனா பார் என்று கீயை ஓங்கிக் குத்தினாள். ஏழு.

"அக்கா..."

கை நின்றது.

கேமில் அந்த வார்த்தை கிடையாது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முனகல் நிற்கவில்லை. அடுத்த அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஓடினாள்.

சின்னவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உலுக்கினாலும் கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. தோளில் ஒரு திட்டு, முழங்கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ரத்தம் கட்டினது மாதிரி இல்லை. சாம்பல் நிறம். அந்த இடத்தில் ரோமம் இல்லை, ரேகை இல்லை. தொட்டால் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. போர்வையை விலக்கி எண்ணினாள்.

ஏழு.

திரும்பி வந்தபோது திரையில் பொம்மை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. முகம் வழவழவென்று காலியாக இருந்தது. ஆனால் சாம்பல் உடம்பில் ஏழு இடத்தில் மாநிறத் தோல். தோளில் இருந்த தோலில், சின்னவளின் அம்மைத் தழும்பு.

இன்னும் மூன்று வெட்டு. பத்தாவதில் யார் மறைவது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆஃப் செய்தால் அது நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பொம்மை ஒரு அடி எடுத்து வைத்தது. 'வெட்டு' என்று கேட்பது போல நெஞ்சைக் காட்டிக்கொண்டு வந்தது.

பெரியவளுக்குப் பயம் இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது.

"ஓஹோ. என் கையாலயே என் தங்கச்சிய அறுக்கப் பாத்தியா? ஆள் தெரியாம வந்துட்ட."

வாளைக் கீழே போடும் கீயைத் தட்டினாள். வாள் விழுந்தது. வெறுங்கையோடு முன்னால் போகிற கீயை அழுத்திப் பிடித்தாள். நெஞ்சோடு நெஞ்சு. தள்ளினாள். அது ஒரு அடி பின்னால் போனது. இன்னும் தள்ளினாள். படிக்கட்டும் சுவரும் சேருகிற மூலையில் சின்னவள் மூடாமல் விட்ட ஒரு இடுக்கு. பொம்மையின் தோள் அதில் புதைந்தது. கால் உதறியது. மாட்டிக்கொண்டது.

ஒரு குறையைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

விரலைக் கொஞ்சம் தளர்த்தினாள். தோள் வெளியே வந்தது. அழுத்தினாள். புதைந்தது. அவ்வளவுதான் கணக்கு. விரல் இருக்கிறவரை அது வெளியே வராது.

மழை விட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

விரல் வலித்தது. பிறகு வலிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். நகம் சாம்பலாகியிருந்தது. முதல் கணு வரைக்கும்.

"நல்லதாப் போச்சு. வலிக்காத வெரலு இன்னும் நல்லா அழுத்தும்."

இரண்டாவது கணு.

மேஜைமேல் கிடந்த ஹெட்போன் மெல்லப் பேசியது.

"அக்கா, கைய எடுக்கா. வலிக்குது."

சின்னவள் குரல்.

அடுத்த அறையில் கட்டில் முனகியது. வெறுங்கால் தரையில் பட்டது. ஒன்று. இரண்டு. வாசல்படி. முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அக்கா, கைய எடுக்கா. வலிக்குது."

அதே குரல்.

பெரியவள் திரும்பவில்லை. "முடியாதுடி. நீ எவளா இருந்தாலும் சரி."

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. சாம்பல் நிறம். ரேகை இல்லை. நகம் இல்லை. மணிக்கட்டில் சின்னவள் முடி கட்டுகிற கறுப்பு ரப்பர் பேண்ட். அந்தக் கை, கீயின்மேல் இருந்த விரலைப் பிடித்து, நிதானமாக நிமிர்த்தத் தொடங்கியது.

பெரியவள் இடது கையையும் தூக்கி அதே கீயின்மேல் வைத்து அழுத்தினாள்.