ஈரக் காக்கி

"அந்தச் சனியனை என் சின்னப் பிள்ளை துணியோட காயப்போடாதே" என்று மாமியார் சொன்ன நாளிலிருந்து கொல்லையில் இரண்டு கயிறுகள். ஒன்று வீட்டுத் துணிக்கு. மற்றது மருமகளின் புருஷனுடைய போலீஸ் காக்கிக்கு. கனத்த ஈரக் காக்கியைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். மாமியார் தொடமாட்டாள். ஒரு முனையைத் தூணில் சுற்றி அவள் தனியாகவே முறுக்குவாள்.

இன்று காலையும் அப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று தெருவெல்லாம் கூச்சல். நேற்றுவரை கொடி பிடித்தவர்களை அடித்து இழுத்துப்போன புருஷன், அந்தக் கொடிக்கே சல்யூட் அடிக்க இன்னொரு காக்கியை மாட்டிக்கொண்டு போயிருந்தார். சிறையிலிருந்து கொழுந்தன் வருகிறான். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போலீஸ் தேடிய கொழுந்தன் பஞ்சுக் கிடங்கில் ஒளிந்திருந்தது, சோறு கொண்டுபோன அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அங்கேயே பிடிபட்டான். கைது செய்த மூத்த மகனை விட்டுவிட்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகளைப் பிடித்துக்கொண்டாள். காட்டிக்கொடுத்தவள் என்றாள். அதற்கு மறுப்புச் சொல்லவும் வழியில்லை... இடத்தைச் சொன்னது அவள்தானே.

வாசலில் எலும்பும் தோலுமாக வந்து நின்றான் கொழுந்தன். மாமியார் கட்டிக்கொண்டு அழுதாள். "அவ கையால தண்ணிகூட வாங்காதேடா" என்றாள்.

அவன் நேரே கொல்லையில் நின்ற அண்ணியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கண்ட இடத்துல சுடச் சொல்லி உத்தரவும்மா. அதை அண்ணன் சொன்னதும் அண்ணிதான் நான் இருக்கிற இடத்தை அவர்கிட்ட சொன்னாங்க. அவர் முந்திக்கிட்டுத் துப்பாக்கி இல்லாம வந்து, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. இல்லேன்னா நீ என்னைப் பொணமாத்தான் பாத்திருப்பே. உள்ள இருந்தப்ப எனக்கும் குழப்பம்தான்... இவங்களைத் திட்டுறதா, கும்பிடுறதான்னு."

பின்னாலேயே வந்த மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உத்தரவு வெளியே கசிஞ்சது தெரிஞ்சா, உங்க மூத்த பிள்ளையும் உள்ள போயிருப்பாரே, அத்தை."

மாமியார் தூணிலிருந்து காக்கியை அவிழ்த்து அந்த முனையைத் தானே பிடித்துக்கொண்டாள். இருவரும் முறுக்கினார்கள். அதிலிருந்து இவ்வளவு தண்ணீர் வடிந்து மருமகள் ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணும் கூடவே வடிந்தது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தக் கயித்துல போடட்டும், அத்தை?"

மாமியார் இரண்டு கயிறுகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலடி... எதுல வேணா போடு."