சொல்லி முடிக்கும் வரை...

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பூட்டிக் கிடந்த கடையொன்றின் தகரக் கூரைக்குக் கீழே அவன் ஒதுங்கினான். இரண்டாவது நிமிடம் ஒரு பெண் ஓடிவந்து, அவன்மேல் மோதாத குறையாக நின்றாள்.

கண்கள்... கோபமா சிரிப்பா என்று தீர்மானிக்க முடியாத கண்கள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க பக்கத்துல மரப்பட்டறை ஒண்ணு இருக்காமே... எப்படிப் போகணும்?"

அவனுடைய பட்டறைதான். அவன் வேறொரு வீட்டில் கதவு மாட்டப் போய்க்கொண்டிருந்தான். 'பட்டறை என்னோடதுதான், அக்கா இருக்காங்க, இப்படிப் போங்க.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். முதல் சொல் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. மூன்று வயதிலிருந்து மாட்டுகிறது. தெரிந்தவர்களிடம் கொஞ்சம் நகரும். தெரியாதவர்களிடம், அதுவும் இப்படிக் கண்கள் உள்ளவர்களிடம், சுத்தமாக நகராது.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். தெருவில் அவனுக்குப் பெயரே 'பென்சில்'தான். ஓர் அட்டைத் துண்டில் மளமளவென்று வழியை வரைந்து நீட்டினான்.

அவள் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பினாள். மறுபடி நேராக்கினாள். முகம் சிவந்தது.

"வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

அட்டையை அவன் கையிலேயே திணித்துவிட்டு மழையில் இறங்கினாள். படத்தில் இருந்ததற்கு நேர் எதிர்த் திசையில்.

'என்ன திமிர்!' என்று நினைத்தான். பார்வை மட்டும் அவள் பின்னாலேயே போனது...

மதியம் அவன் பட்டறைக்குத் திரும்பியபோது அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். தலையில் அக்காவின் துண்டு. எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்திருக்கிறாள்.

"இவரா?" என்றாள்.

"என் தம்பிதான்மா. கை தங்கம். பேச்சு மட்டும் என் வழியா வரும்," என்றாள் அக்கா.

அப்படித்தான். அவன் 'த...' என்பதற்குள் அக்கா தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். அவன் கேட்க வந்தது வேறு ஏதோ. ஆனாலும் குடித்துவிடுவான்.

அடுத்த வாரம் அவள் மருந்துக்கடை திறக்கிறாள். சுவர் முழுக்க ரேக், முன்னால் ஒரு கவுண்டர். எல்லாம் அக்காவிடம் சொன்னாள். அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. உட்கார்ந்து வேலை செய்வாளா, நின்றா? கேள்வி வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

அதனால் இரண்டு படம் போட்டான். ஒன்றில் நிற்பவருக்கான உயரம். மற்றதில் உட்காருபவருக்கு. மறுநாள் இரண்டையும் அவள் முன்னால் வைத்தான். அவள் ஒரு நொடி பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். மேலே இருந்த படத்தில் கையெழுத்துப் போட்டாள்.

'டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவள். இதற்கு ஒரு நொடி போதும்தான்,' என்று நினைத்துக்கொண்டான்.

கடை திறக்க மூன்று நாள் இருக்கும்போது கவுண்டரைப் பொருத்தினார்கள். அவள் ஆசையாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காணாமல் போனாள். கொண்டை மட்டும் தெரிந்தது.

தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்தார். "கடையில யாரும் இல்லையா?"

"இருக்கேன்!" என்றது கவுண்டர்.

அக்கா சிரித்துவிட்டாள். அவள் எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"பன்னெண்டு மணி நேரம் நான் நின்னுக்கிட்டே இருக்கணுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கே... கே..."

"கேட்டான்மா!" என்றாள் அக்கா. "ரெண்டு படம் போட்டு வச்சான். கையெழுத்துப் போட்டது யாரு? என் தம்பி வேலையில குத்தம் சொல்ல ஆள் இன்னும் பொறக்கல. வாடா போகலாம்."

'கேட்கல, என் தப்புதான்.' அவன் சொல்ல வந்தது அது. அக்கா அதையே அவளை அடிக்கும் கம்பாக்கிவிட்டாள். அவள் அடி வாங்கியவள்போல் நின்றாள்.

அந்த முகம் அவனை விடவில்லை.

காலையில் ரம்பத்தைப் பையில் வைத்தான்.

"எங்கடா?"

"க... கடைக்கு."

"இரு, நானும் வரேன். நீ எப்படிப் பேசுவே?"

"வே... ணாம். நா... னே."

"மூணு வார்த்தைக்கு மூணு நாள் ஆகும்டா!"

"ஆ... கட்டும்."

கடையில் அவள் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டுதான். "அக்கா வரலையா?"

தலையை ஆட்டினான். ஆட்டியது போதாது என்று உடனே பட்டது. தலையாட்டித் தலையாட்டித்தான் இருபத்தெட்டு வருஷம் போயிருந்தது. வாயைத் திறந்தான்.

சொல் வரவில்லை. நின்றான். இந்த இடத்தில் எல்லோரும் இரண்டில் ஒன்று செய்வார்கள். வேறு பக்கம் பார்ப்பார்கள், அல்லது மிச்சத்தைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. கையில் பிடித்த புட்டியோடு அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கும் போகிற அவசரம் இல்லாதவள்போல...

"த... ப்பு... என்... னோடது. கே... ட்கணும்னு நெனச்சேன். வா... ய் வரல. அதான் ப... படம்."

அவள் புட்டியை வைத்தாள்.

"எனக்குப் படம் புரியாதுங்க."

குரல் இறங்கியிருந்தது.

"மேப், பிளான், எதுவும். எனக்கு வெறும் கோடாத்தான் தெரியும். அது சுவரு, இது கதவுன்னு மனசுல எழும்பவே எழும்பாது. மக்குன்னு நெனைப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன். அன்னைக்கு மழையில நீங்க அட்டையை நீட்டினதும்... எனக்கு அழுகையே வந்துடுச்சு. திமிர் பிடிச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"நா... னும்."

"என்ன நானும்?"

"உ... ங்களுக்குத்தான் தி... மிர்னு."

அவள் சிரித்தாள். கோபமா சிரிப்பா என்ற சந்தேகம் அந்தக் கண்களில் இப்போது இல்லை.

அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னான். வாயால் சொன்னான். ஒரு பலகையை அவள் முன்னால் பிடித்தான். "இ... ங்கயா?"

"இன்னும் கீழ."

"இ... ங்க?"

"கொஞ்சம் மேல. ஆங், அங்கதான்."

காதிலிருந்த பென்சிலை எடுத்து அங்கே ஒரு கோடு போட்டான்.

இரண்டு நாள் வேலை. இழுப்பறை எந்தப் பக்கம், குளிர்பெட்டி எங்கே, கதவு எப்படித் திறக்கணும். ஒவ்வொன்றையும் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆனது. ஒவ்வொரு முறையும் அவள் காத்திருந்தாள். அவன் கையால் காட்டப் போனால் மட்டும் விரலை ஆட்டி மிரட்டுவாள். "ம்ஹூம்... எனக்குச் சொல்லணும்."

இரண்டாம் நாள் மாலை, வெளியே மழை பிடித்துக்கொண்டது. கவுண்டர் முடிந்துவிட்டது. உட்கார்ந்தால் தோள் வரை தெரிந்தாள். பையைக் கட்டிவிட்டு அவன் நின்றான்.

"வேலை முடிஞ்சுதுல்ல?" ஒரு புட்டியின் லேபிளை மும்முரமாகப் படித்துக்கொண்டே கேட்டாள்.

"மு... டிஞ்சுது."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

இப்போது போனால் எப்போதும் சொல்லப்போவதில்லை. அது அவனுக்குத் தெரிந்தது.

"உ... உங்... உங்களை..."

வாசலில் குடை மடங்கும் சத்தம். அக்கா.

"உங்களை மறுபடி வந்து பார்க்கிறேன்கிறான்மா, அந்தக் கதவுக்கு ஒரு..."

அவன் கையை உயர்த்தினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அ... க்கா. நா... ன் சொல்றேன்."

அக்கா திறந்த வாயை மூடினாள்.

"உங்களை... எ... னக்கு... ரொ... ம்ப..."

கடைசிச் சொல் அசையவில்லை. மழை பெய்தது. அக்கா குடைப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அவளோ லேபிளை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். காத்திருந்தாள். அவனும் விடவில்லை.

"...பி... பிடிச்சிருக்கு."

அக்காவுக்குத் தாங்கவில்லை. "அப்ப சரின்னு சொல்றியாம்மா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா... எனக்கும் சொல்லி முடிக்க நேரம் வேணும்ல?"

திக்கிப் பேசியே பழக்கமில்லாத அவளுக்கு, முதல் எழுத்திலேயே குரல் நின்றது. அவன் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. கண்ணை எடுக்காமல் காத்திருந்தான்.

"எ... எனக்கும்தான்."