பென்னாகரத்திலிருந்து மூன்று பக்கம்

"ஐயோ... சார்ர்ர்!"

அதியமான்கோட்டை கிரானைட் ஆபீஸின் பூட்டைத் திறந்து உள்ளே போன கிளார்க் சசிகலாவின் அலறல், ஹைவே லாரிகளையும் மீறிக் கேட்டது.

முதலாளி நவநீதன் ஃபேக்ஸ் மெஷின் ஓரமாய்க் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்!

மாற்றுச் சாவி இரண்டே பேரிடம். ஒன்று சசிகலா. இன்னொன்று பார்ட்னர் குப்புராஜ்.

குப்புராஜிடம் கெட்டியான சாட்சி இருந்தது. முந்தின நாள் கொலை நடந்த நேரத்தில் ஜப்பான் பார்ட்டிக்கு மூன்று பக்க ஃபேக்ஸ் போயிருக்கிறது... பென்னாகரத்தில் இருக்கும் அவருடைய வீட்டு நம்பரிலிருந்து!

மிச்சம், சசிகலா. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"நான் பண்ணலீங்க மேடம்... எம்புள்ள மேல சத்தியமுங்க!"

அந்த அழுகை இன்ஸ்பெக்டர் மணிமேகலையை என்னவோ செய்தது. ஜீப்பை பென்னாகரத்துக்கு விட்டாள்.

"நேத்து அனுப்புன அதே மூணு பக்கத்த, இப்ப எங்க ஸ்டேஷனுக்கு அனுப்புங்க. சும்மா ஒரு சாஸ்திரத்துக்கு."

"அதுக்கென்னங்க!"

குப்புராஜ் சிரித்தபடி பட்டனைத் தட்டினார். மெஷினுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகல அடாப்டர். ஃபேக்ஸை இன்டர்நெட்டில் ஏற்றிவிடும் டப்பா. பச்சை விளக்கு மினுக்கியது.

கீ...ர்ர்ர்...

பாதிப் பக்கத்தில் அறுந்தது!

"ஸ்பீடைக் கொறைக்கறேனுங்க."

குறைத்தார். அறுந்தது.

"கோடெக்க... அதானுங்க, சத்தத்த சுருக்கி அனுப்பற முறைய மாத்திப் பாக்கறேன்..."

மாற்றினார். மறுபடியும் அறுந்தது! குப்புராஜின் நெற்றி வியர்த்தது.

"இதுல டி.38 இல்லீங்களா? அது இருந்தா மோசமான நெட்லயும் தாக்குப் பிடிக்குமே?"

"அந்த அடாப்டர் வெல கூடங்க..."

"அப்ப நீங்களே வேணும்னு அறுக்கறீங்களா?"

குப்புராஜுக்குச் சுர்ரென்று ஏறியது.

"காட்டோரம் டவர் நெட்டுங்க மேடம்! இது வாங்கின நாள்லருந்து இந்த வூட்டுலருந்து ஒரு பக்கம் முழுசாப் போனதில்லீங்க! யார வேணா கேளுங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். டூ லேட்!

"நேத்து மட்டும் மூணு பக்கமும் முழுசாப் போயிருக்கே... எப்படிங்க?"

குப்புராஜ் டப்பாவைக் கையால் மறைக்கப் பார்த்தார்.

"நான் சொல்றேன். லேண்ட்லைன்னா நம்பர் வூட்டோட கெடக்கும். இதுல நம்பர் டப்பாவோட போவும். கழட்டி எடுத்துட்டுப் போயி, ஆபீஸ் ஃபைபர் நெட்ல சொருகி, ஆபீஸ் மெஷின்லயே அனுப்பியிருக்கீங்க... பக்கத்துல நவநீதன் செத்துக் கெடக்கறப்ப!"

குப்புராஜ் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"குவாரிலருந்து என்னைய வெளிய தள்ளப் பாத்தானுங்க அவன்..."

மணிமேகலை ஸ்டேஷனுக்கு போன் போட்டாள்.

"சசிகலாவ வூட்டுக்கு அனுப்புங்க. நம்ம ஜீப்லயே."

விலங்கு மாட்டிய கைகளைப் பார்த்துக் குப்புராஜ் முனகினார்.

"அந்த டி.38 டப்பாவயே வாங்கித் தொலைச்சிருக்கலாம்..."

"கவலய வுடுங்க. ஜெயில்ல லேண்ட்லைன்தான்... பாதியில அறுவாது!"