கேட்டைச் சாத்திக்கலாம்

காங்கேயம் ரோட்டில், தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய 'ஸ்வர்ண சந்தியா'வை முதியோர் இல்லம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். சீனியர் லிவிங் என்று சொல்ல வேண்டும். விளம்பரத் தாளில் நரைத்த தம்பதி ஒன்று சைக்கிள் ஓட்டியபடி சிரிக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் சைக்கிளும் கிடையாது, தம்பதியும் கிடையாது. ஒரே வரிசையில் பதினைந்து வீடுகள். வீட்டுக்கு ஒரு ஆள். ஆளுக்கு ஒரு டிவி.

கொரோனாவின் மூன்றாவது அலை வந்த அந்தத் தை மாதத்துக்கு இரண்டு நாள் முன்பு, பொங்கியண்ணனை அவர் மகன் சிவபிரகாஷ் காரில் கொண்டுவந்து இறக்கினான். கம்பெனியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், வீட்டுக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள், எழுபத்தாறு வயதில் வம்பு எதற்கு என்றான். பொங்கலன்று காலையில் தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். சொல்லும்போது காரின் இன்ஜினை அவன் நிறுத்தவில்லை.

பொங்கியண்ணன் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் 'ஏற்றுமதிச் செம்மல்' என்று பொறித்த கேடயமும், 'பொங்கியண்ணன், நிறுவனர்' என்ற பித்தளைப் பலகையும். அந்தக் கேடயத்தைக் கொடுத்த சங்கத்துக்கு அவரேதான் தலைவராக இருந்தார். அதைப் பற்றி யாரும் கேட்காதவரை அது ஒரு கௌரவம்தான். பித்தளைப் பலகையைப் பதினான்காம் எண் வீட்டின் வாசலில் அவரே மாட்டினார். கீழே சிமெண்ட் நிறத்தில் ஒரு சிறிய '14' ஒட்டியிருந்தது. வருகிறவர்கள் கண்ணில் எது முதலில் படும் என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தார்.

வருகிறவர்கள் யாரும் இல்லை.

அலுவலகத்தில் இருந்த அபிராமி என்ற பெண் இண்டர்காமில் விதிகளைச் சொன்னாள். ஏழு நாள் வெளியே வரக் கூடாது. சாப்பாடு கேரியரில் வாசலுக்கு வரும். சாப்பிட்டுக் கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்க வேண்டும். வேலையாட்களில் ஒன்பது பேர் நோயில் படுத்துவிட்டதால் வீடு வீடாக வந்து பார்க்க ஆளில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் வீடு இரண்டாம் வீட்டைக் கூப்பிட்டு 'இருக்கீங்களா' என்று கேட்கும். இரண்டு மூன்றைக் கேட்கும். இப்படியே போய், கடைசியில் பதினைந்தாம் வீடு அலுவலகத்தைக் கூப்பிட்டு எல்லாரும் இருப்பதாகச் சொல்லும். எங்கேயாவது பதில் வரவில்லை என்றால் கூப்பிட்டவர் உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆள் ஓடும்.

"நீங்க பதினஞ்சைக் கூப்புடோணும், சார். மறந்தறாதீங்க."

ஆறு மணிக்குப் பதின்மூன்றாம் வீட்டு ரங்காத்தாள் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆஜர்ப் பட்டியல் எடுக்கிற அதே குரல்.

"ஏனுங்க பதினாலு, இருக்கறீங்களா?"

பொங்கியண்ணன் தொண்டையை இரண்டு முறை கனைத்தார். எதையும் கனைக்காமல் அவர் தொடங்கியதில்லை. "பொங்கியண்ணன் பேசறனுங்க. இருக்கறன்."

பிறகு பதினைந்தை அழுத்தினார்.

"இருக்கேன் மொதலாளி. நல்லாருக்கீகளா?"

குரலிலேயே தெரிந்துவிட்டது. ராக்கையா.

இருபத்திரண்டு வருடம் அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். காலை எட்டரைக்கு ஆஜர் கூப்பிடும்போது, பஸ் கிடைக்காமல் தாமதமாகும் பெண்களுக்காக அவன்தான் பதில் சொல்வான். ஒச்சம்மாளுக்கு ஒரு குரல், இன்னொருத்திக்கு இன்னொரு குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எட்டுப் பெண்கள் வரிசையில் நிற்பதாகத் தோன்றும். கடைசியில் தன் சொந்தக் குரலில் வாட்ச்மேனுக்குச் சொல்வான்: "எல்லாரும் வந்தாச்சு. கேட்டைச் சாத்திக்கலாம்."

ஒரு நாள் பொங்கியண்ணன் தன் அறைக்கு வெளியே நின்றபோது, உள்ளேயிருந்து தன் குரலே கேட்டது. இரண்டு கனைப்பு, அப்புறம் 'பொங்கியண்ணன் பேசறன்'. சுற்றிலும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று மத்தியானமே ராக்கையாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். தாமதத்தை மூடி மறைத்தான் என்பது காகிதத்தில் எழுதிய காரணம்.

அவன் மகன் வெளிநாட்டில் என்னவோ பெரிய வேலையில் இருக்கிறானாம். அவன் வாங்கிக் கொடுத்த வீடாம். இதே அளவு. இதே ஓடு. நடுவில் ஒற்றைச் சுவர்.

மறுநாள் போகி. வெயில் தாழும் நேரத்தில் ராக்கையா மாஸ்க்கோடு வாசலுக்கு வெளியே நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கையில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டிய காப்பு.

"மொதலாளி வாசல் வெறுமனே இருக்குது. கட்டிட்டுப் போயிரவா?"

பொங்கியண்ணன் ஜன்னல் வழியாகவே வேண்டாமென்று கையாட்டினார். ராக்கையா போகவில்லை. மாஸ்க்குக்குள் நெடுநேரம் இருமினான்.

"லேசா காச்சலா இருக்கு மொதலாளி. ஆபீஸ்ல சொன்னா ஆஸ்பத்திரில கொண்டி போட்டுருவாக. ஒரு ராத்திரி பாப்போம்னு இருக்கேன். சாயங்காலம் மறக்காமக் கூப்பிடுங்க. போன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

ஆறு மணிக்கு ரங்காத்தாள் கேட்டார். பொங்கியண்ணன் இருப்பதாகச் சொன்னார். பிறகு ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். 'இருக்கியா' என்று கேட்டது தெரிந்தால் அந்த அபிராமி மரியாதை பற்றிப் பாடம் எடுப்பாள். 'இருக்கீங்களா' என்று ராக்கையாவைக் கேட்க நாக்கு எழவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் 'ங்க' போட்டுப் பேசியவர்தான். கைக்குழந்தைக்குக்கூடப் போடுவார். அவனுக்கு மட்டும் போட்டதில்லை.

ரிசீவரை வைத்துவிட்டார். பதினைந்திலிருந்து தகவல் வராவிட்டால் ஆபீஸ்காரர்களே போய்ப் பார்க்கட்டும்.

அலுவலகத்திலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தாயா, ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனார்.

வெள்ளிக்கிழமை பொங்கல். காலையில் குளித்து, பட்டுவேட்டி கட்டி, பெட்டியைக் கதவருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே பித்தளைப் பலகையில் காப்பு தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கட்டினான் என்று தெரியவில்லை. பத்து மணிக்கு மகன் போன் செய்தான். பேத்தி தேஜஸ்ரீக்கு லேசாகச் சளி, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு வேறு, அடுத்த வாரம் பார்க்கலாமென்றான். பின்னால் அவள் கலகலவென்று சிரிக்கும் சத்தம் கேட்டது. சளி பிடித்த சிரிப்பாக இல்லை.

அவர் சாயங்காலம் வரை பட்டுவேட்டியை அவிழ்க்கவில்லை.

ஆறு மணிக்கு ரங்காத்தாளுக்குப் பதில் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். பதினைந்தை அழுத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது.

ஒரு முறை. இரண்டு. மூன்று.

யாரோ எடுத்தார்கள்.

அவர் தன் போனைப் பார்த்தார். அது வைத்தபடியே இருந்தது. ஆபீஸ்காரி நேரே கூப்பிட்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். சனிக்கிழமையும் அப்படியே அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும். மூன்றாம் மணியில் எடுக்கப்பட்டது. ஞாயிறன்று டிவியை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தார். மிகத் தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

அன்றைக்கு ஒரு வாடையும் இருந்தது. காற்று தென்னந்தோப்புப் பக்கமிருந்து வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினார்.

சாப்பாடு வைக்க வந்தவன் வாடையைச் சொன்னதில், திங்கள் காலையில் வெள்ளைக் கவச உடை போட்ட நான்கு பேர் வந்து பதினைந்தின் கதவை உடைத்தார்கள். தலையிலிருந்து கால் வரை மூடி எதையோ தூக்கிப்போனார்கள். கூட ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி நடந்தான். அந்தச் சின்னத் திரைக்குள், வெளிநாட்டிலிருந்து யாரோ அழுதார்கள்.

அபிராமி கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"போகியன்னிக்கு சாயங்காலமே போயிட்டாராமுங்க, சார். போன்கிட்ட உக்காந்த மேனிக்கே. நாலு நாளாச்சுங்கறாரு டாக்டர். நீங்க டெய்லி கூப்பிட்டீங்களா?"

பொங்கியண்ணன் கனைத்தார். "கூப்பிட்டனே."

"என்ன சொன்னாருங்க?"

வாயிலிருந்து அது தானாக வந்தது. "இருக்கேன்னான்."

மறுமுனையில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கும் அதைத்தான் சொன்னாருங்க, சார். நேத்து வரைக்கும். 'மொதலாளி கூப்பிட்டாக, பேசினாக'ன்னாரு."

பதினைந்தைப் பூட்டினார்கள். போனின் வயரைக் கத்தரித்துப் பெட்டியோடு எடுத்துப்போனதை ஜன்னல் வழியாக அவரே பார்த்தார். இனி கடைசி வீடு பதினாலு என்றார்கள். சாயங்காலம் அவர் அலுவலகத்தைக் கூப்பிட்டார். அபிராமி இல்லை. அவளுக்கும் பாசிட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எடுத்தது இந்திக்காரச் செக்யூரிட்டி. "ஃபிஃப்டீன் போல் தியா, சார். சப் டிக். ஓகே, ஓகே," என்று வைத்துவிட்டான்.

இந்திச் சரக்குக்காரர்களோடு காதர்பேட்டை பனியன் சந்தையில் முப்பது வருடம் பேசியவர் பொங்கியண்ணன். பதினைந்து சொல்லிவிட்டது என்கிறான். எல்லாருக்கும் டிக் போட்டாயிற்று என்கிறான். நன்றாகவே புரிந்தது.

ஆனாலும் மறுபடி கூப்பிடவில்லை. என்னவென்று கேட்பது? கேட்டால் தான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அன்று மத்தியானத்திலிருந்து அவருக்கும் உடம்பு கொதித்தது. அதையும் சொல்லவில்லை. காய்ச்சல் என்பது வேலைக்காரர்களுக்கு வருகிற சமாச்சாரம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளியலறைக்குப் போனவர் திரும்பும்போது கூடத்தில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கூப்பிட வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கனைத்த தொண்டை, இப்போது ஒரு கனைப்பைக்கூடத் தரவில்லை.

மத்தியானம் வாசலில் கேரியரை வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. பரவாயில்லை என்று நினைத்தார். கேரியர் திறக்காமல் கிடப்பதைப் பார்த்தால் ஆள் வரும்.

வெயில் தரையில் ஒரு அடி நகர்ந்தது.

வெளியே குழாய் திறந்தது.

யாரோ கேரியரைக் கழுவினார்கள். அவசரமே இல்லாமல், அடுக்கு அடுக்காக. பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

உள்ளறையில் செல்போன் அடித்தது. சிவபிரகாஷாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அப்பா எடுக்கவில்லை என்றால் அவன் அலுவலகத்தைக் கேட்பான். இருக்கிறார், நேற்றுக்கூட டிக் போட்டாயிற்று என்பார்கள். மூன்றாம் தடவை அடிக்கவில்லை.

கூடம் இருட்டத் தொடங்கியது. பூளைப்பூ வாசம் வந்தது. பூளைப்பூவுக்கு வாசம் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆறு மணி.

இண்டர்காம் தலைக்கு மேலே அடித்தது. பதின்மூன்று. ரங்காத்தாள். விடமாட்டார், பதில் வராவிட்டால் ஊரைக் கூட்டிவிடுவார். பொங்கியண்ணனின் கண்ணில் நீர் வழிந்தது. அடி, இன்னும் அடி.

மூன்றாம் மணியில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு முறை.

"பொங்கியண்ணன் பேசறனுங்க. இருக்கறன்."

அவர் குரல். அச்சு அசல் அவர் குரல்.

பிறகு அங்கே, வயரறுத்து எடுத்துப்போன போன் அடித்தது. ஒன்று. இரண்டு. அது யாருடைய முறை என்று அவருக்குத் தெரிந்தது. ஐந்து நாளாகக் கேட்காத கேள்வி. வாயை அசைத்தார். காற்றுதான் வந்தது, ஆனாலும் கேட்டார்.

"ராக்கையா... இருக்கீங்களா?"

"இருக்கேன் மொதலாளி."

சுவரை ஒட்டி, காதோடு சொல்வது போலச் சொன்னான். அதில் கோபம் இல்லை. பஸ் கிடைக்காத பெண்களுக்காகப் பேசும்போது இருந்த அதே இதம்தான் இருந்தது. அப்புறம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குரலை உயர்த்தி, அலுவலகத்துக்குச் சொன்னான்.

"பதினஞ்சு வீடும் இருக்குங்க. எல்லாரும் வந்தாச்சு. கேட்டைச் சாத்திக்கலாம்."

தூரத்தில், காங்கேயம் ரோட்டுப் பக்கம், பெரிய இரும்புக் கேட் கிரீச்சிட்டு மூடும் சத்தம் கேட்டது.