அயோவாவில் ஒரு பத்திரமான காணி

டெலிபோன் அலறியது.

கனடா, ஸ்காபரோ, டோர்செட் பார்க். பதினோராம் மாடி. வேரோனிக்கா ரிசீவரை எடுத்தாள்.

"தங்கச்சி... அகஸ்ரின் கதைக்கிறன். கீழ லொபியில நிக்கிறன்."

"இவர் எங்க அண்ணை? ரெண்டு பேரும் சேர்ந்துதானே போனனீங்கள்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மேல வந்து சொல்லுறன்..."

1999 மார்ச். இரண்டாயிரம் பிறந்ததும் கொம்பியூட்டரெல்லாம் படுத்துவிடும், கரண்ட் போய்விடும், கடையில் அரிசி இருக்காது என்று எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. அந்தப் பயத்தில் பிழைக்கக் கிளம்பிய காணி ஏஜென்ட்தான் அகஸ்ரின். அமெரிக்காவில் அயோவா பக்கம் ஒரு பண்ணை. சொந்தக் கிணறு, விறகு, கறுப்பு மண். எட்டுக் குடும்பங்கள் வாங்கத் தயார். ஆனால் வேரோனிக்காவின் புருஷன் பஸ்ரியன் நேரில் பார்த்துச் 'சரி' சொல்ல வேண்டும்.

பஸ்ரியன் அகஸ்ரினோடு போய்ப் பார்த்தான். களஞ்சியச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சேற்றுக் கோடு!

"அண்ணை, இது வெள்ளம் வந்த அடையாளம். பிள்ளை குட்டியளை உதுக்குள்ள கொண்டு வரேலாது. ரொறன்ரோ போய் எல்லாருக்கும் சொல்லப் போறன்."

"சொல்லும். அதுக்கு முதல் இந்த பங்கரையும் ஒருக்காப் பாரும்."

பஸ்ரியன் நிலவறைக்குள் இறங்கினான்.

மேலே கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. அதன் மேல் ஒரு டிராக்டர் சக்கரமும் ஏறியது. பக்கத்துப் பண்ணைக்கே நெடுந்தூரம். கத்தினாலும் காகத்துக்குத்தான் கேட்கும்.

பாவி!

அந்தப் பாவிதான் இப்போது வேரோனிக்காவின் சோபாவில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"ஆத்து ஐஸில நடந்தவர் தங்கச்சி... உடைஞ்சிட்டுது. தேடினம்... ஆள் கிடைக்கேல்லை."

வேரோனிக்கா அழவில்லை.

"கடைசியா என்ன சொன்னவர்?"

"காணி திறமாம். எல்லாரையும் சைன் வைக்கட்டாம்."

"ஆறோ? காணிக்குக் கிட்ட ஆறே இல்லையெண்டுதானே எங்களுக்குச் சொன்னனீங்கள்?"



"அது... சின்ன ஆறு..."

"சின்ன ஆறு நெஞ்சளவுக்கு ஏறாது அண்ணை."

குரல் வேரோனிக்காவுடையது அல்ல!

அறைக் கதவு திறந்தது. பஸ்ரியன்... நகங்களில் இன்னும் மண். அவன் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள்.

அகஸ்ரின் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

"நீர்... பூட்டின கதவு... எப்பிடி..."

"நீங்கள் எண்பத்திரண்டில கனடா வந்த ஆள். உங்களுக்கு ஷெல்லடி தெரியாது. நான் தொண்ணூற்றஞ்சு வரைக்கும் யாழ்ப்பாணத்தில கிடந்தனான். ரெண்டு வாசல் இல்லாத பங்கருக்குள்ள நாங்கள் கால் வைக்க மாட்டம். இறங்க முதலே பின்பக்கம் மற்ற வாசலைப் பார்த்து வைச்சிட்டன். பாதி மண் மூடிக் கிடந்தது, கையால கிண்டினன். பக்கத்துப் பண்ணைக்காரன் பாவம் பார்த்து பிளேன் ஏத்தி விட்டவன். நீங்கள் காரில மெல்ல ஆறுதலா வந்தியள்."

விலங்கு மாட்டினார்கள். பஸ்ரியன் லிப்ட் வரை கூடவே போனான்.

"நீங்கள் இனி இருக்கப் போற இடத்தைப் பற்றியும் விசாரிச்சன் அண்ணை. சாப்பாடு, தண்ணி, ஹீற்றர் எல்லாம் இருக்காம். ஒரு குறைதான்..."

அகஸ்ரின் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு வாசல்தான்."