கதவோரம் இல்லாத ஷூ

மதியம் 1.50. அம்பத்தூரில் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றின் நான்காம் மாடி. சர்வர் அறைக்குள், கதவை ஒட்டி, நெட்வொர்க் எஞ்சினியர் எழில் செத்துக் கிடந்தான். தீயணைக்கும் கரியமில வாயு மூச்சை அடைத்திருந்தது. கதவின் சின்னக் கண்ணாடியில் உள்பக்கம் முழுக்க அவன் கைத்தடங்கள்.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பிரியா எரிச்சலோடு வந்தார். காலையிலிருந்து ஏசி ஒழுகி, வராந்தா கார்ப்பெட் சொதசொதவென்று கிடந்தது. அதை மிதிக்காமல் சர்வர் அறைக்கு வர வழியில்லை; கதவோரக் கல் படி மட்டும் காய்ந்திருந்தது.

"வாயுவைத் திறந்தது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் அஸ்வின், நெட்வொர்க் டீமின் தலைவர். கண் கலங்கியிருந்தது, டை கலையவில்லை. "கருகல் நாத்தம் வந்துச்சு. யாரு உள்ள போனாலும் ஷூவைக் கதவோரம் கழட்டி விடணும், அதான் இங்க ரூல். ஷூ இல்ல. ஆள் இல்லேன்னு நெனச்சு பட்டனை அமுக்கிட்டேன்."

"உள்ளேருந்து கதவைத் திறக்க முடியாதா?"

"அது போன வாரமே ரிப்பேர். எங்க டீம்ல ரிப்பேர் வேலையெல்லாம் பாக்கற ரோஷினிகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன்."

ரோஷினி சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள். "நான் சொல்லிட்டேன் மேடம், மெக்கானிக்தான் வரல." யார் கேட்கிறார்கள்? அவளை வேலையிலிருந்து தூக்கும் உத்தரவு தயார். அவள் பேரில் வழக்குப் போடச் சொல்லி வக்கீலும் வந்தாயிற்று. மெக்கானிக்கைப் பிடிக்க இந்த வேகம் இல்லையே என்று கிருஷ்ணப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏட்டு கஜபதி ஓடிவந்தார். "ஷூ அவன் சீட்டாண்ட கீது மேடம். வெறும் சாக்ஸோட போய்க்கிறான் போல."

"யாராவது ஒளிச்சு வெச்சிருப்பாங்க" என்றாள் ரோஷினி. "எங்க டீம்ல அது ஒரு விளையாட்டு. அஸ்வின் சார் மட்டும் சேர மாட்டாரு."

"அப்போ மாடியில யாரு இருந்தா?"

"எல்லாரும் சாப்பிடப் போனோம். எழில் லிஃப்ட் வரைக்கும் வந்துட்டு, வேலை இருக்குன்னு திரும்பிட்டான். திங்கக்கிழமையிலேருந்து சாருக்குப் பதிலா அவன்தான் டீம் லீட், அந்த ஜோர்ல இருந்தான். மாடியில சாரும் அவனும்தான்."

கிருஷ்ணப்பிரியா குனிந்து எழிலின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அஸ்வின், உங்க ஆளு வெறும் சாக்ஸோட அந்த வராந்தாவுல நடந்திருந்தா, சாக்ஸ் நனைஞ்சிருக்கும். சருகு மாதிரி காஞ்சிருக்கு. ஷூ போட்டுத்தான் இந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கான். இங்கதான் கழட்டியிருக்கான். அப்புறம் அந்த ஷூ தானா நடந்து சீட்டுக்குப் போச்சா?"

அஸ்வின் டையைத் தடவினார்.

"அதை எடுத்தவருக்கு அவன் உள்ள இருக்கறது தெரியும். மாடியில இருந்தது நீங்க ஒருத்தர்தான். அவன் சாகணும், பழி இந்தப் பொண்ணு தலையில விழணும்."

கஜபதி கையைப் பிடித்தபோது அஸ்வின் திமிறவில்லை.

"சார்" என்றாள் ரோஷினி. "கதவுல கண்ணாடி இருக்கே. அவன் உங்களைப் பார்த்தானா?"

"பார்த்தான். ஷூவைத் தூக்கிக் காட்டினேன்." அஸ்வின் அவளை நேராகப் பார்த்தார். "சிரிச்சான். நானும் உங்க விளையாட்டுல சேர்ந்துட்டேன்னு அவனுக்கு அவ்ளோ சந்தோஷம்."